மீட்டரிடம் பேசியவர்

மாலை நாலு பத்துக்குக் கைப்பேசி அடித்தது. சிறுசேரியில் எங்கள் அலுவலகத்தின் ஏழாவது மாடியில், கண்ணாடிச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் வெயில் சாய்ந்து, தூரத்துக் கழிவெளி தகரம் மாதிரி மின்னும். அதற்கும் அப்பால் ஒரு நீலக் கோடு தெரியும். கடல் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது கடல்.

தெரியாத எண்.

"அக்கா, நான் ஹேச்சரிலேர்ந்து பேசறேன். பயந்துக்காதீங்க. பாப்பாவுக்குக் கரன்ட்டு அடிச்சிருச்சு. கேளம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வர்றாங்க. நீங்க நேரா அங்க..."

அதோடு அறுந்துபோனது. திரும்பத் திரும்ப அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

என் மகள் பாலிடெக்னிக்கில் கடைசி ஆண்டு படிக்கிறாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஒரு இறால் குஞ்சுப் பண்ணையில், ஹேச்சரி என்பார்களே அதில், பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே தொட்டிகளுக்குக் காற்று ஊதும் மோட்டார்கள் இரவும் பகலும் ஓட வேண்டும். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரைவ் பெட்டி உண்டு. உப்புக் காற்று அந்தப் பெட்டிகளைத் தின்றுவிடும். அவற்றைத் திறந்து, எந்தப் பாகம் போயிருக்கிறது என்று மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பது இவள் வேலை. ஸ்விட்சை அணைத்த பிறகும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் அறுநூறு வோல்ட் வரை பிடித்து வைத்திருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் அன்று லிஃப்டுக்குக் காத்திராமல் ஏழு மாடியும் படியில் இறங்கினேன்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்விட்டேன். அவர்கள் இன்னும் வந்திருக்கவில்லை. கோவளம் பிரிவில் ஒரு லாரி குறுக்கே நின்று, வண்டிகள் எல்லாம் அடைத்துக்கொண்டு கிடப்பதாக வாசலில் இருந்த காவலாளி சொன்னார். ஒரு வேப்பமரத்தடியில் சிமென்ட் பெஞ்ச் இருந்தது. உட்கார்ந்தேன். திருச்சிக்கு அலுவலக வேலையாகப் போயிருந்த என் கணவரை அழைத்துச் சொன்னேன். அவர் என்ன பதில் சொன்னார் என்று இப்போது யோசித்தால் நினைவில்லை.

நினைவில் இருப்பது ஒரு இடது கை. பல வருடமாக நான் பார்க்காத ஒருவருடைய இடது கை.

அது எப்போதும் அவருடைய இடுப்பில்தான் இருக்கும். முந்தானையைச் சுற்றிக் கொண்டுவந்து செருகியிருப்பார். அந்த மடிப்புக்குள் இடது கையின் விரல்கள் நான்கும் ஒளிந்திருக்கும். மீட்டரின் கறுப்பு ஒயரைக் கிளிப் போட்டுக் கடிக்கவிட்டுவிட்டு, சிவப்பு ஒயரை மட்டும் வலது கையில் எடுத்துக்கொண்டு போர்டின் மேல் குனிவார். தூரத்திலிருந்து பார்த்தால், ஒரு பெண் நடனத்தில் பாதியில் நின்று யோசிப்பதைப் போல இருக்கும்.

செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையில் இருந்தது, கல்யாணத்துக்கு முன் நான் வேலை பார்த்த யூனிட். பேட்டரி சார்ஜர்களும் பவர் சப்ளைகளும் செய்தோம். பாகங்களைப் பொருத்தி ஈயம் வைப்பவர்கள் ஒரு கூடம். தயாரானதைச் சோதிக்கிறவர்கள் இன்னொரு கூடம். இரண்டாவது கூடத்துக்கு அவர்தான் மேற்பார்வை. 'டெஸ்டிங் மேடம்' என்போம். கோவளத்துக்காரர். டிப்ளமோ படித்தவர். அதை யாராவது மறந்துவிட்டால் உடனே ஞாபகப்படுத்துவார். சத்தமாகப் பேசுவார், சத்தமாகத் தும்முவார், தன்னுடைய ஈயம் வைக்கும் கையைத் தானே புகழ்ந்துகொள்வார். "என் ஜாயின்ட்ட பாருடி. முத்து மாதிரி கீதா இல்லியா? சொல்லு." முத்து மாதிரிதான் இருக்கும்.

இடது கையைப் பற்றி முதல் நாளே கேட்டேன்.

"ரெண்டு கையாலயும் தொட்டா கரன்ட்டு இந்தக் கை வழியா ஏறி, நெஞ்சைத் தாண்டி, அந்தக் கை வழியா எறங்கும். ஒரு கைன்னா விரலோட போயிடும். உனுக்கு நெஞ்சு வேணுமா, விரலு வேணுமா?"

"ரெண்டும் வேணும் மேடம்."

"ஆசையப் பாரு. எதுனா ஒண்ணு சொல்லுடி."

அவருக்கு ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. எதையும் நேரடியாகக் கேட்க மாட்டார். மூன்றாகக் கேட்பார். முதல் நாள் என் விண்ணப்பம் அவர் மேசைமேலேயே இருந்தது. அப்படியும் "உன் பேரு இன்னா?" என்றார். சொன்னேன். "இதுக்கு முன்னால மீட்டர் புடிச்சிருக்கியா?" என்றார். பிடித்திருக்கிறேன் என்றேன். "எந்த ஊருலேர்ந்து வர்ற?" என்றார். ஊரப்பாக்கம் என்றேன். அதுவும் அந்தத் தாளிலேயே இருந்தது. ஞாபக மறதிக்காரர் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் போன பிறகுதான் புரிந்தது. மீட்டரை எப்படி நடத்துவாரோ அப்படியே மனிதர்களையும் நடத்தினார். ஒரு சர்க்யூட்டில் கரன்ட் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், நிச்சயமாகக் கரன்ட் இருக்கும் ஒரு இடத்தில் மீட்டரை வைத்துப் பார்ப்பார். அங்கே சரியாகக் காட்டினால், பிறகு சந்தேகமான இடம். அதன் பிறகு மறுபடியும் அந்தத் தெரிந்த இடம். இடையில் மீட்டருக்கு ஏதாவது ஆகியிருந்தால் மூன்றாவது முறையில் தெரிந்துவிடும். மூன்றாவது தப்பினால் நடுவில் கிடைத்த பதிலை அவர் எடுத்துக்கொள்ள மாட்டார்.

கேன்டீன்காரரிடம் போய், "இன்னிக்கு இன்னா கெழமை?" என்பார்.

"புதன்."

"இந்த சாம்பாரு இன்னிக்கு வெச்சதா?"

"ஆமா மேடம்."

"கரண்டி எங்க கீது?"

"மேடம், நான் இன்னா மீட்டரா? எப்பப் பாரு இப்படியே கேக்கறீங்க."

"மீட்டரா இருந்தா பொய் சொல்லியிருக்க மாட்டியே. இது நேத்து சாம்பாருதானே?"

கேன்டீன்காரர் தலையைச் சொறிவார். கூடமே சிரிக்கும்.

என் கல்யாணம் நிச்சயமான மறுநாள் எனக்கும் அது நடந்தது. எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்துக்கொண்டு வந்தேன். ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே, "உங்க அப்பா பேரு இன்னா?" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னேன். "மாப்ளய உனுக்குப் புடிச்சிருக்கா?" பிடித்திருக்கிறது என்றேன். "எத்தினி பேருக்கு இதுவரிக்கும் ஜாங்கிரி குடுத்த?" பெட்டியைப் பார்த்தேன், கூடத்தைப் பார்த்தேன். என்னவோ ஒரு எண்ணைச் சொன்னேன். அவர் விரலில் ஒட்டியிருந்த பாகை நக்கிக்கொண்டார்.

"நடு பதில நான் எடுத்துக்கலடி. நாளைக்குத் திரும்பக் கேக்கறேன்."

அன்று ரயிலில் வீட்டுக்குப் போகும்போது மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. பிடித்திருக்கிறதா என்று அதுவரை என்னை யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்டவர் ஒருவர், அவரும் என் பதிலை எடுத்துக்கொள்ளவில்லை. ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று கிளம்பியது. நான் மாப்பிள்ளையின் முகத்தை முதல் தடவையாக நிதானமாக நினைத்துப் பார்த்தேன். அவர் காபி டம்ளரை வைத்த விதத்தை, என் தம்பியிடம் பேசிய விதத்தை. மறுநாள் மேடம் கேட்டபோது மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். "ம்" என்றார், அவ்வளவுதான். ஆனால் அந்த 'ம்' எனக்குப் போதுமாக இருந்தது.

வேப்பமரத்தடியில் இதெல்லாம் வந்துபோயிற்று. மேலே காக்கைகள் கூட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. ரோட்டில் போன ஒவ்வொரு வெள்ளை வேனும் மெதுவாகப் போவது போலவும் உள்ளே திரும்பப்போவது போலவும் தோன்றியது. எதுவும் திரும்பவில்லை.

கைப்பேசி மறுபடி அடித்தது. அதே எண். பண்ணையில் மோட்டார் ஆபரேட்டர் என்றும், பக்கத்துக் குப்பத்துக்காரர் என்றும் தன்னைச் சொல்லிக்கொண்டார். மகளைப் பண்ணை வேனில் முதலாளியம்மா கூட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டாராம். இவர் பைக்கில் பின்னால் வருகிறாராம். மகளின் கைப்பேசி பேனல் மேலேயே இருந்துவிட்டதாம். அதை எடுத்துக்கொண்டு வருகிறாராம்.

"பாப்பா நல்லா கீதுக்கா. ஒண்ணியும் இல்ல. கவலையே படாதீங்க."

நல்லாத்தான் இருக்கிறாள், ஒன்றும் இல்லை, கவலைப்படாதீர்கள். இந்த மூன்றும் யாரும் யாருக்கும் சொல்லக்கூடியவை. ஒன்றும் இல்லாதபோதும் சொல்வார்கள், எல்லாம் முடிந்துவிட்ட பிறகும் சொல்வார்கள். என் வாய் தானாகக் கேட்டது.

"தம்பி, அவ இன்னிக்கு என்ன சட்டை போட்டிருந்தா?"

"இன்னாக்கா கேக்கறீங்க?"

"சொல்லுங்க தம்பி."

"நீலத்துல கட்டம் போட்டது. இன்னாத்துக்கு?"

காலையில் நான்தான் அதை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். சரி.

"அடிச்சதுக்கு அப்புறம் பேசினாளா?"

"பேசிச்சே. தண்ணி கேட்டுச்சு. நாந்தான் குடுத்தேன்."

"வலது கையில வளையல் இருக்குல்ல?"

 அவருக்குப் பின்னால் லாரிகளின் ஹாரன் கேட்டது.

"வளையலா? இல்லியேக்கா. அந்தக் கைல நாந்தானே ஈரத்துணி சுத்தனேன். வெறுங்கைதான். ஒண்ணுமே இல்ல."



அது ஒரு செம்பு வளையல். மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோவிலுக்குப் போகும் வழியில் சங்கும் சிப்பியும் விற்கும் கடைகளில் ஒன்றில் அவள் பள்ளியில் படிக்கும்போது வாங்கிக் கொடுத்தது. குளிக்கும்போதும் தூங்கும்போதும் கையிலேயே கிடக்கும். மணிக்கட்டில் பச்சையாகக் கறை பிடித்திருக்கும். அதைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. காலையில் டிபன் பாக்ஸை வாங்கும்போது அது பாக்ஸில் இடித்து 'டிங்' என்றது. அந்தச் சத்தம் என் காதில் இருந்தது.

மூன்றாவது தப்பிவிட்டது. அப்படியானால் நடுவில் சொன்னது? தண்ணீர் கேட்டாள் என்றது? அந்த ஆள் வேறு யாரையோ பார்த்துவிட்டுச் சொல்கிறாரா? இல்லை, என்னை ஆறுதல்படுத்தச் சொல்கிறாரா?

"தம்பி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க..."

அவர் "அக்கா, வயி உட்டுட்டான், வண்டி நகருது, நான் வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு எவ்வளவு நேரம் அங்கே இருந்தேன் என்று தெரியாது. வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு செம்மஞ்சளானது. ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் குளிர்ந்த காற்றும் மருந்து வாசனையும் வந்து முகத்தில் பட்டுப் போயின. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பதைப் போல எல்லாச் சத்தமும் தூரத்தில் கேட்டது. ஒரே ஒரு குரல் மட்டும் பக்கத்தில் இருந்தது.

"பதிலு தப்பா வந்தா மீட்டரைத் தட்டாதடி. கேள்வியப் பாரு."

இதைச் சொல்லும்போது அவர் கோபமாக இருந்தார். ஒருநாள் மதியம், மின்வெட்டு நேரம். ஜன்னல் வெளிச்சத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். பழுதாகித் திரும்பி வந்த பெரிய சார்ஜர் ஒன்றை எங்களில் ஒருத்தி திறந்து வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் முன்புவரை அது ப்ளக்கில் இருந்தது. மின்வெட்டுக்கு முன்பே ப்ளக்கில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டாள், இருநூற்று முப்பது காட்டியது. பிறகு சார்ஜரைக் கழற்றிக் கெப்பாசிட்டரில் வைத்தாள், பூஜ்யம். "மேடம், காலியாயிடுச்சு, கை வைக்கலாம்" என்றாள்.

மேடம் கூடத்தின் அந்தப் பக்கம் இருந்தார். "நீ ஒண்ணுமே பேசலியேடி" என்றார்.

இதுதான் அவருடைய இன்னொரு பழக்கம். ஒயரை வைக்கும் முன்னால் மீட்டரிடம் வாய்விட்டுச் சொல்வார். "டிசி கேக்கறேன், ஆயிரத்துக்குள்ள." காது கேட்காத சித்தியிடம் பேசுவதைப் போலச் சத்தமாகச் சொல்லிவிட்டு, குமிழ் அந்த இடத்தில்தான் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். ஒரு பாகத்தின் மின்தடையை அளக்கும்போது, "கரன்ட்டு இல்ல, இப்ப ஓம்ஸ் கேக்கறேன்" என்பார். கரன்ட் ஓடும்போது ஓம்ஸ் பார்க்கிறவர்களைக் கண்டால் ஆகாது. "ஓடுற பஸ்ஸைத் தராசுல ஏத்துவியா?" என்று கேட்பார். டயோடைச் சோதிக்கும்போது ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் வைத்து, "ஒரு பக்கம் வுடணும், ஒரு பக்கம் வுடக்கூடாது. ரெண்டு பக்கமும் வுட்டா செத்துப்போச்சு. ரெண்டு பக்கமும் வுடலன்னா அது என் மாமியாரு" என்பார். எங்களையும் வாய்விட்டுப் பேசச் சொல்வார். எங்களுக்குக் கூச்சம். அவர் பார்க்கும்போது மட்டும் முணுமுணுப்போம்.

அன்று அவர் எழுந்து வந்தார். கையில் அவருடைய பல்பு ஜோடி. இரண்டு குண்டு பல்புகளை வரிசையாகக் கோர்த்து, நுனியில் நீளமான பிடியுள்ள இரண்டு ஒயர்கள் வைத்திருப்பார். கெப்பாசிட்டரில் தங்கியிருப்பதைக் காலி செய்ய அதுதான். இடது கையை இடுப்பில் செருகிக்கொண்டார். ஒரு ஒயரைக் கிளிப்பில் மாட்டி, இன்னொன்றை வலது கையால் கெப்பாசிட்டரில் வைத்தார்.

கரன்டே இல்லாத அந்தக் கூடத்தில் இரண்டு பல்புகளும் பளீரென்று எரிந்தன.

 வெளிச்சம் வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து சிவப்பாகி, கடைசியில் உள்ளே ஒரு கம்பி மட்டும் செந்நூல் மாதிரித் தெரிந்து, அதுவும் போயிற்று. கண்ணை மூடினால் இன்றைக்கும் அந்த நூல் தெரியும். மேடம் ஒயரை எடுக்காமல் இன்னும் கொஞ்சம் நேரம் வைத்திருந்தார். "தூங்கட்டும்" என்றார், குழந்தைக்குச் சொல்வதைப் போல.

அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். "மீட்டர் பூஜ்யம்னு காட்டிச்சு மேடம். ப்ளக்குல சரியாத்தானே காட்டிச்சு."

மேடம் மீட்டரை எடுத்து அவள் முகத்துக்கு நேராகக் காட்டினார். குமிழ் ஏசியில் இருந்தது. ப்ளக்கில் வருவது ஏசி. கெப்பாசிட்டரில் தங்குவது டிசி.

"இது பொய் சொல்லலடி. ஏசி கீதான்னு நீ கேட்ட. இல்லன்னு சொல்லிச்சு. டிசி கீதான்னு நீ கேக்கவே இல்லியே. கேட்ட கேள்விக்குத்தான் அது பதிலு சொல்லும். கேக்காததுக்கு அது எப்படிச் சொல்லும்?"

பிறகு அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். ஒரு கையால்தான்.

அந்த வருடம் யூனிட்டில் எல்லோரையும் மாமல்லபுரத்துக்கு வேனில் கூட்டிப் போனார்கள். மற்றவர்கள் பாறைகளைப் பார்க்கப் போனபோது நானும் மேடமும் கடலில் கால் நனைத்துக்கொண்டு நடந்தோம். அவர் கழுத்தில் தாலி மஞ்சள் கயிற்றில்தான் கிடக்கும். சங்கிலியை அடகு வைத்துவிட்டார் என்று யூனிட்டில் ஒரு பேச்சு உண்டு. அவர் காதுக்கும் அது போயிருந்தது. "போர்டு மேல குனியறப்ப தங்கம் தொங்கினா அது மொதல்ல தொட்டுடும்டி. அதான் கயிறு. அதையும் ரவிக்கைக்குள்ள போட்டுக்கறேன். சங்கிலி பீரோல பத்திரமா கீது. போய் சொல்லு அவளுங்ககிட்ட" என்றார்.

அலை வந்து போனது. அவருடைய இடது கை அப்போதும் இடுப்பில் செருகியே இருந்தது.

"மேடம், கடல்ல கூடவா?" என்றேன்.

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். அது அங்கே இருப்பதை அப்போதுதான் கவனித்தவர் போல இருந்தார். "எடுக்கலாம்தான்" என்றார். "ஆனா ஒரு தடவை எடுத்துப் பழகிச்சுன்னா, எந்த நேரத்துல எடுக்கும்னு நமக்குத் தெரியாதே."

கையை அப்படியே விட்டுவிட்டு நடந்தார். வெயிலில் ஈர மணல் கண்ணாடி மாதிரி இருந்தது. அதில் ஒரு கை மட்டும் வீசி நடக்கும் ஒரு நிழல் எங்களோடு வந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு நான் அந்த வேலையை விட்டேன். மென்பொருள் பக்கம் வந்துவிட்டேன். யூனிட் கைமாறி, பிறகு மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கோவளத்துப் பேருந்து நிறுத்தத்தில் மேடத்தைப் பார்த்ததாக ஒருமுறை யாரோ சொன்னார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். இடுப்பில் கை வைத்து நிற்கும் பெண்கள் எல்லா நிறுத்தத்திலும் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த இடது கை என்னோடு வந்துவிட்டது. மிக்ஸி ப்ளக்கைச் செருகும்போதும், கீசரைப் போடும்போதும் என்னுடைய இடது கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும். எனக்கே தெரியாது. மகள் சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு அடுப்படில ஒரு கைதான்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் நடித்துக் காட்டுவாள். அவளுக்கு அது விளையாட்டு. கொஞ்ச நாளில் அவளும் ப்ளக் பக்கம் போனால் ஒரு கையைப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவள் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது, மீட்டரை மூன்று தடவை வைத்துப் பார்ப்பதையும் சொல்லிக் கொடுத்தேன். மீட்டரிடம் பேசும் பழக்கம் மட்டும் என்னோடு வரவில்லை. மிக்ஸியிடம் யார் பேசுவார்கள்?

வேப்பமரத்தடியில் இருட்ட ஆரம்பித்திருந்தது. கேள்வியைப் பார், கேள்வியைப் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேள்வியில் என்ன தப்பு? வளையல் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? யோசிக்க யோசிக்க அந்த 'டிங்' சத்தம்தான் திரும்பத் திரும்பக் கேட்டது.

ஒரு வெள்ளை வேன் வேகம் குறைந்து, உள்ளே திரும்பியது.

நான் எழுந்தேன். எழுந்ததாக நினைத்தேன். வேனின் கதவை ஒரு அம்மாள் உள்ளிருந்து தள்ளித் திறந்தார். முதலில் நீலக் கட்டம் போட்ட சட்டை தெரிந்தது. பிறகு ஈரத் துண்டு சுற்றிய வலது கை, அதை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். முகம் வெளுத்து, உதடு உலர்ந்து இருந்தது. அவள் நடந்தாள். தன் காலாலேயே படியிறங்கி நடந்தாள்.

அவளுடைய இடது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது.

ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். மகள் உட்கார்ந்தாள். அப்போதும் அந்தக் கையை வெளியே எடுக்கவில்லை. நான் அவள் காலடியில் குந்தி, அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டேன். கேட்க வேண்டியது எத்தனையோ இருந்தது. என் வாயிலிருந்து வந்தது ஒன்றுதான்.

"வளையல் எங்கடி?"

அவள் பாக்கெட்டிலிருந்து இடது கையை மெதுவாக எடுத்தாள். விரல்களைப் பிரிக்கவே சிரமப்பட்டாள். உள்ளங்கையில் செம்பு வளையல் இருந்தது. அவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்திருந்ததில் வட்டமாக ஒரு சிவந்த தடம் பதிந்திருந்தது.

"பேனலத் திறக்கறதுக்கு முன்னாடியே கழட்டிட்டேம்மா" என்றாள். "சோப்பு போட்டு. மெட்டல் போட்டுக்கிட்டுக் கை வைக்கக்கூடாதுல்ல."

நர்ஸ் நாற்காலியைத் தள்ளினாள். நான் பக்கத்தில் ஓடினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, என் கையில் வளையலைத் திணித்துவிட்டு, யாரிடமோ ஒப்பிப்பதைப் போலச் சொன்னாள்:

"மீட்டர் மேல தப்பில்லம்மா. ப்ளக்குல வெச்சேன், உள்ள வெச்சேன், மறுபடியும் ப்ளக்குல வெச்சேன். மூணு தடவையும் அது சரியாத்தான் சொல்லிச்சு. நான்தான் ஏசில வெச்சுக் கேட்டுட்டேன்."